ஆஸ்டினியாவின் ஆட்சித் தலைவர்

உலகப் போர்கள் ஏன் மூளுகின்றன என்று சரித்திர ஆசிரியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது பெங்களூருக்கு வந்து எங்கள் அலுவலகத்தின் இரண்டாவது மாடிக்கு ஏறியிருந்தால், பத்தே நிமிடத்தில் விஷயம் விளங்கியிருக்கும். ஒரு நாட்டின் ஆட்சித் தலைவரைத் தப்பான பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தப்பான நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள். போர் மூளாமல் என்ன செய்யும்? 1960-ஆம் ஆண்டில் மூன்றாவது உலகப் போர் வராமல் தடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தன்னடக்கம் காரணமாக இதுவரை வாயைத் திறக்கவில்லை.

எங்கள் பிரிவின் பெயர் 'வரவேற்பு மற்றும் பதவிச் சமன் பிரிவு.' ஊருக்கு வரும் பெரிய மனிதர்களுக்கு மாலை, பன்னீர், நாற்காலி ஏற்பாடு செய்வது ஒரு வேலை. இன்னொரு வேலை, பதவிகளைச் சமன் செய்வது. நாலைந்து ராஜ்யங்களின் ஜில்லாக்களைச் சேர்த்து மைசூரைப் பெரிதாக்கியபோது, பம்பாயிலிருந்து ஒரு காரகூன் வந்தார், ஐதராபாத்திலிருந்து ஒரு அமீன் வந்தார், மதராஸிலிருந்து ஒரு டபேதார் வந்தார். யார் யாருக்குச் சமம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? இந்த இரண்டு வேலைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு மின்விசிறிதான் இருந்தது.

மின்விசிறிக்கு நேர் கீழே சுந்தரேசன் உட்கார்ந்திருப்பார். அவர்தான் எங்கள் அதிகாரி. மல்லேஸ்வரத்துக்காரர். தகப்பனார் திவான் காலத்து உத்தியோகஸ்தர். சுந்தரேசன் மனித குலத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்: கைவைத்த தேக்கு நாற்காலிக்கு உரியவர்கள், கையில்லாத பிரம்பு நாற்காலிக்கு உரியவர்கள், முக்காலிக்கு உரியவர்கள். நிரந்தரமில்லாத ஊழியர் எவ்வளவு பெரியவரானாலும் முக்காலிதான். இது விதி. இந்த விதியை எழுதியவர் யாரென்று தெரியாது. அதனால்தான் அதை மாற்றவும் முடியவில்லை.

நான் அங்கே இரண்டாம் நிலை குமாஸ்தா. கையில்லாத பிரம்பு. ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி ஒரு பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். மதராஸ் மெயில் போகும்போதெல்லாம் அடுப்பில் இருக்கும் சாம்பார் தானாகவே கிளறிக்கொள்ளும். சர்க்கார் வீடு கேட்டு நான் போட்ட மனுவுக்கு அப்போது ஆறு வயது. சரி, என் கதை கிடக்கட்டும்.

அந்த வருஷம் தொடக்கத்தில் டில்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் ஊருக்கு வந்துபோன ஒரு வெளிநாட்டு விருந்தினருக்கு நாங்கள் அனுப்பிய வாழ்த்து மடலில் 'பிரதம மந்திரி அவர்களுக்கு' என்று இருந்ததாம். அந்த நாட்டில் அவருக்குப் பெயர் 'மந்திரிகள் சபையின் தலைவர்.' இனிமேல் கவனமாக இருக்கவும் என்று ஒரே ஒரு வரி.

அன்று சுந்தரேசன் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

"திவான் காலத்திலே இப்படி ஒரு வரி வந்திருக்குமா ஓய்?" என்றார் என்னிடம். "எங்கப்பா கேட்டிருந்தா அன்னிக்கே ராஜினாமா கொடுத்திருப்பார்."

"நீங்களும் கொடுக்கப் போறீங்களா சார்?"

"கமிட்டி போடப் போறேன்."

இப்படிப் பிறந்ததுதான் 'உலக ஆட்சித் தலைவர் பதவிப்பெயர் சமன் கமிட்டி.' தலைவர் சுந்தரேசன். காரியதரிசி நான். டைப் அடிக்க ஜோசஃபின். அந்தப் பெண் கண்டோன்மெண்ட் கான்வெண்டில் படித்தவள். பேச்சைவிட விரல் வேகமாக ஓடும். உலகத்தின் ஒவ்வொரு நாட்டிலும் ஆட்சித் தலைவருக்கு என்ன பெயர், அந்தப் பெயர் நம்மிடம் எந்தப் பதவிக்குச் சமம், எந்த நாற்காலி என்று மூன்று பத்திகளில் பட்டியல் போடுவது திட்டம். வாரத்துக்கு இரண்டு கூட்டம், கூட்டத்துக்கு இரண்டு காபி.

என்ன உழைப்பு, என்ன ஆராய்ச்சி! ஜெர்மனியில் 'சான்சலர்' என்று வந்தது. சான்சலர் என்றால் பட்டமளிப்பு விழாவில் அங்கி போட்டுக்கொண்டு நிற்பவர் ஆயிற்றே என்று சுந்தரேசன் கோப்பைக் கல்வி இலாகாவுக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்து, 'அங்கி இரவல் தரப்படும், சலவை செய்து திருப்ப வேண்டும்' என்று பதில் வந்தது. ரஷ்யாவில் ஆட்சித் தலைவர் 'மந்திரி சபையின் சேர்மன்.' சேர்மன் என்று எங்கள் பதவி ஜாபிதாவில் முனிசிபாலிட்டியில் மட்டும்தான் உண்டு. ஆகவே கோலார் முனிசிபல் சேர்மனுக்குச் சமம், கையில்லாத பிரம்பு என்று முடிவாயிற்று. அயர்லாந்தில் என்னவோ ஒரு பெயர். எழுத்தைப் பார்த்துப் படித்தால் ஒன்று, வாயால் சொன்னால் இன்னொன்று.

"தீ-ஷக், சார்," என்றாள் ஜோசஃபின். "எங்க மதர் சுப்பீரியர் ஐரிஷ்."

சுந்தரேசன் இரண்டு தடவை முயன்றார். மூன்றாவது தடவை இருமல் வந்துவிட்டது. "வாயில நுழையாத பதவிக்குக் கைவச்ச நாற்காலியைக் கொடுத்துடறதுதான் புத்திசாலித்தனம்," என்றார்.

ஸ்விட்சர்லாந்துதான் எங்களை உலுக்கிவிட்டது. ஏழு பேர் சேர்ந்து ஆள்கிறார்களாம். அவர்களில் ஒருவர் ஒரு வருஷம் தலைவர், மறு வருஷம் வேறொருவர்.

"ஒரு வருஷம்தானா? அப்ப டெம்பரரி ஹேண்டுன்னு சொல்லும்," என்றார் சுந்தரேசன். "முக்காலி."

"சார், ஸ்விட்சர்லாந்து சார். கடியாரமெல்லாம் பண்றவங்க."

"யாரா இருந்தா என்ன ஓய்? நம்ம அய்யாவு பதிமூணு வருஷமா டெம்பரரி. அவன் முக்காலி கேட்டானா? நின்னுண்டுதானே இருக்கான்?"

உண்மை. அய்யாவு கதவருகே நின்றுகொண்டுதான் இருந்தார்.

அய்யாவைப் பற்றிச் சொல்லவேண்டும். 1947-இல் வெள்ளைக்காரன் கண்டோன்மெண்ட்டை மைசூரிடம் ஒப்படைத்தபோது கட்டடங்கள், விளக்குக் கம்பங்கள், சாமான்கள் எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதி ஒப்படைத்தான். அந்தப் பட்டியலில் 'பெரிய கூடாரம், 4' என்ற வரிக்கும் 'கூடார முளை, 160' என்ற வரிக்கும் நடுவில் 'டென்ட் லஸ்கர், 1' என்று ஒரு வரி. அந்த ஒன்றுதான் அய்யாவு. துரைமார் வரும்போது கூடாரம் போடுவது, போனதும் பிரிப்பது, மழை வந்தால் கயிற்றைத் தளர்த்துவது. மைசூர் ஜாபிதாவில் அப்படி ஒரு பதவி இல்லை. இவர் ஊழியரா, சாமானா என்பதை முடிவுசெய்யவே நாலு வருஷம் ஆயிற்று. பிறகு, 'லஸ்கர் என்பது கப்பல் வேலை போலத் தோன்றுகிறது. மைசூரில் கடல் இல்லை. ஆராய்க' என்று ஓர் அதிகாரி குறிப்பு எழுதினார். அடுத்த அதிகாரி 'ஆராய்க' என்பதன் கீழே கோடு போட்டார். சுந்தரேசனுக்கு அது 212-ஆம் நம்பர் கட்டு. அதை அவர் பிரித்துப் பார்த்ததில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அய்யாவைத் தற்காலிகமாக நீட்டித்து, கட்டின் மேலேயே கையெழுத்துப் போடுவார்.

ஆகஸ்டு மாதம் ஒரு காலை அய்யாவு கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். பின்னால் அவர் மனைவி பாஞ்சாலி.

"நோட்டீஸ் ஒட்டிட்டாங்க சார்," என்றார் அய்யாவு. "ஆஸ்டின் டவுன் லைன் வீட்டை முப்பதாந் தேதிக்குள்ள காலி பண்ணணுமாம். சமன் லிஸ்டுல பேரு இருக்கறவங்களுக்குத்தான் இனிமே வீடாம்."

"இருபது வருசமா அந்த வூட்லதான் கீறோம்," என்றாள் பாஞ்சாலி. "மூணு புள்ள அங்கதான் பொறந்துச்சி. பின்னால முருங்கை வெச்சி, இப்பதான் காய்க்குது. நீ சொல்லு சார், நாங்க எங்க போறது?"

சுந்தரேசன் மிகுந்த அனுதாபத்தோடு மின்விசிறியைப் பார்த்தார். "212 பரிசீலனையில இருக்கும்மா."

"எத்தினி நாளு இருக்கும்?"

"அவசரப்பட்டா தப்பு வந்துடும். பதவிங்கறது விளையாட்டில்லே."

"நாடு நாடா பேரு எழுதறீங்களாமே, இந்த ஆளு சொல்லுச்சி. ஊருபட்ட ராசாங்க பேரெல்லாம் எழுதறீங்க, வாசல்ல நிக்கற ஆளு பேரை எழுத முடியலையா?"

"ஏய், சும்மா இரு பாஞ்சாலி," என்றார் அய்யாவு.

"நீ சும்மா இருந்துதான் பதிமூணு வருசம் ஆச்சி!"

நான் பக்கத்து ஹாலுக்குப் போய்க் கோவிந்தப்பாவைப் பார்த்தேன். வீடு ஒதுக்கும் பிரிவின் சூப்பரிண்டெண்டு. கன்னடக்காரர், தமிழும் பேசுவார், தங்கமான மனிதர். எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்று பெயரெடுத்தவர்.

"நோடி ஸ்வாமி, எனக்கு அவர் மேல் கோபமா?" என்றார். "இந்தப் பதவி சமன் ஆயித்துன்னு ஒரே ஒரு வரி, ஒரு ஆர்டர் நம்பர். கொண்டு வாங்க. எதுக்குச் சமம்னு நான் கேக்க மாட்டேன். வீட்டை அவருக்கே எழுதிடறேன்."

ஒரே ஒரு வரி. பதிமூன்று வருஷமாக வராத வரி. ஆனால் எங்கள் கமிட்டி வாரத்துக்கு மூன்று நாலு வரிகளைச் சமன் செய்துகொண்டிருந்தது. அந்த வருஷம் ஆப்பிரிக்காவில் மாதத்துக்கு இரண்டு மூன்று நாடுகள் விடுதலை ஆகிக்கொண்டிருந்தன. ஜோசஃபின் பட்டியலை அடித்து முடிப்பதற்குள் ஒரு புது நாடு வந்துவிடும். நான் அவள் மேஜைக்குப் போய்க் குனிந்து சொன்னேன். அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு வரி அடித்தாள்.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து நின்று வாசித்தேன்.

"வரிசை எண் தொண்ணூற்று நாலு. நாடு: ஆஸ்டினியா."

சுந்தரேசனுக்குத் தெரியாத நாடு உலகத்தில் இருக்கலாம். தெரியாது என்று அவர் சொன்ன நாடு கிடையாது.

"ம்... புதுசா விடுதலை ஆனதோன்னோ?"

"நாற்பத்தேழில் கைமாறியது சார்."

"அதானே. பேப்பர்ல பார்த்தேன். மழை ஜாஸ்தியா பெய்யற தேசம்."

"ஆட்சித் தலைவரின் பதவிப்பெயர்: டென்ட் லஸ்கர்."

சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கயோ கேட்ட பேரா இருக்கே?"

"உலகத்துக்கே தெரிந்த பெயர் சார்," என்றாள் ஜோசஃபின், தலை நிமிராமல்.

"ஆமாமா. கூடாரத்திலே தர்பார் பண்ற பரம்பரையா இருக்கும். மழை ஜாஸ்தியில்லையா, அதுக்குத்தான் கூடாரம். இந்த மாதிரி புது நாட்டுக்காரனெல்லாம் ரொம்ப ரோஷக்காரன் ஓய். கொஞ்சம் தூக்கியே போடும். முதலமைச்சருக்குச் சமம். கைவச்ச தேக்கு. மெத்தையோட!"

நாலே நிமிடத்தில் முடிந்தது. கதவருகே நின்றிருந்த அய்யாவு ஒன்றும் புரியாமல் எல்லோருக்கும் காபி கொடுத்தார்.

சுந்தரேசனின் ஆணைகளில் எப்போதும் ஒரு வாசகம் இருக்கும். எதிர்காலத்தில் எவனும் குறை சொல்லக் கூடாது என்று அவரே இயற்றியது: 'மேற்படி பதவி எங்கு வழங்கப்பட்டாலும், எவரால் வகிக்கப்பட்டாலும், இவ்வாணைப்படியே கருதப்படும்.' அதன் கீழே கையெழுத்து, சிவப்பு முத்திரை. அந்த வாசகத்தை நான் அன்று போல் என்றும் ரசித்ததில்லை.

ஓட்டமாக ஓடிக் கோவிந்தப்பாவின் மேஜையில் வைத்தேன். டென்ட் லஸ்கர், சமன் செய்யப்பட்டது, ஆணை எண் இன்னது. கோவிந்தப்பா பேனாவை மையில் தோய்த்தார். தோய்த்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். சிவப்பு முத்திரை அவர் கண்ணை இழுத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷ சேவையில் முதல்முறையாக அவர் ஒரு காகிதத்தைப் படித்தார்.

"அய்யய்யோ!" என்று எழுந்து நின்றுவிட்டார். "ஏன் ஸ்வாமி, நம்ம அய்யாவு முதலமைச்சருக்குச் சமமா?"

"நீங்கதானே சார் எதுக்குச் சமம்னு கேக்க மாட்டேன்னீங்க?"

"கேக்கலை. படிச்சுட்டேன். இந்த அந்தஸ்துக்கு லைன் மனெ கொடுத்தா என் வேலை போயிடும்! ஒரே ரூம், ஒரே கொழாய், அதுக்கும் தெருக் கோடி வரைக்கும் க்யூ. சே சே! இவருக்கு விதிப்படி பங்களா. முன்னாடி தோட்டம். மோட்டார் ஷெட்."

"அப்ப பங்களா கொடுங்க சார்!"

"காலி இல்லை." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "காலி ஆனதும் முதல் பங்களா அவருக்குத்தான். எழுதிக் கொடுத்துடறேன். ஆனா லைன் மனெயில் இனி ஒரு நாள் கூட அவரை வைக்கறது மரியாதை இல்லை."

முன்பு அந்தஸ்து இல்லாததால் காலிசெய்யச் சொன்ன நோட்டீசுக்குப் பதிலாக, அந்தஸ்து அதிகமானதால் காலிசெய்யச் சொல்லும் நோட்டீசு அன்று மாலையே போயிற்று. இந்த முறை 'மேன்மைதங்கிய' என்று தொடங்கியிருந்தது. தேதி மட்டும் மாறவில்லை, அதே முப்பது.

உண்மையைச் சொல்லி ஆணையை ரத்துசெய்யலாம் என்று ஜோசஃபின் சொன்னாள். செய்திருக்கலாம். ஆனால் அதற்கு, ஆஸ்டினியா என்று ஒரு நாடே இல்லை என்று சுந்தரேசனிடம் யாராவது சொல்லவேண்டும். சொல்பவருக்கு வேலை போகும். அந்த 'யாராவது' நான்தான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நாட்டின் கௌரவத்தை உத்தேசித்து மௌனமாக இருந்தேன்.

இருபத்தெட்டாம் தேதி லால்பாகில் வரவேற்பு. நாடு எது என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அய்யாவு கூடாரம் போட்டார். நூற்றறுபது முளையும் அவர் கையால் அடித்தது. நாற்காலிகள் பட்டியல்படி மூன்று ரகம். விருந்தினர் வந்தார். கூடாரத்துக்குள் நுழைந்து, நின்றபடியே மாலையை வாங்கி, நின்றபடியே ரோஜாவை முகர்ந்து, ஏழு நிமிடத்தில் போய்விட்டார். உட்காரவே இல்லை. அறுபது கூட்டங்களின் பலன் அது. உட்கார்ந்திருந்தால் அல்லவா தப்பான நாற்காலி என்ற பேச்சு வரும்?

கூடாரத்தைப் பிரிக்கும் நேரத்தில் ஒரு நுட்பமான சிக்கல் எழுந்தது. கூடாரத்தைப் பிரிக்கும் அதிகாரம் டென்ட் லஸ்கர் ஒருவருக்குத்தான். டென்ட் லஸ்கரோ இப்போது முதலமைச்சர் அந்தஸ்து. அந்த அந்தஸ்தில் உள்ளவரைக் கயிறு அவிழ்க்கச் சொல்லலாமா? கோப்பைத் திறந்து, 'ஆராய்க' என்று எழுதினோம். கூடாரம் அங்கேயே நின்றது.

முப்பதாம் தேதி அய்யாவும் பாஞ்சாலியும் இரண்டு டிரங்குப் பெட்டி, ஓர் அம்மி, மூன்று பிள்ளைகளோடு அந்தக் கூடாரத்துக்குள் போனார்கள். அன்றைக்கே பெங்களூர் மழை பிடித்துக்கொண்டது. அய்யாவு பழக்கப்படி எழுந்து கயிற்றைத் தளர்த்தினார்.

நான் குடையோடு போய்ப் பார்த்தேன். பாஞ்சாலி மெத்தை வைத்த தேக்கு நாற்காலியின் மேல் அரிசிச் சட்டியை வைத்திருந்தாள். தரையெல்லாம் தண்ணீர்.

"வா சார்," என்றாள். "உன் நாட்டுல மழை ஜாஸ்தி."

"சாரை ஒண்ணும் சொல்லாத," என்றார் அய்யாவு. "நம்ம நல்லதுக்குத்தான் செஞ்சாரு. பங்களா வரும்னு கோவிந்தப்பா சார் எழுதியே குடுத்திருக்காரு." அந்தக் கடிதத்தை நனையாமல் இருக்கத் தலைப்பாகைக்குள் மடித்து வைத்திருந்தார்.

அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் பட்டியல் நூற்றுப் பன்னிரண்டு நாடுகளைத் தாண்டிவிட்டது. சுந்தரேசனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. ஸ்விஸ்காரர்கள் முக்காலியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. உலகத்தில் எங்கும் நாற்காலி காரணமாகப் போர் மூளவில்லை. இப்படி ஓர் அலுவலகம் தங்கள் ஊரில் இல்லையே என்று மற்ற தேசத்தார் ஏங்க வேண்டும்.

சொல்ல மறந்துவிட்டேன். சர்க்கார் வீடு ஒன்று காலியானால் அதைச் சும்மா போட்டுவைக்க விதி இல்லை. வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்தாக வேண்டும். அய்யாவு காலிசெய்த மறுநாள் கோவிந்தப்பா பட்டியலைப் பிரித்தார். முதல் பெயருக்கு வீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை படிக்கவில்லை.

அந்த மனுவுக்குத்தான் ஆறு வயது என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே. இதை நான் ஆஸ்டின் டவுனில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வீடு ஒழுகவில்லை. ரயில் சத்தம் இல்லை. பின்னால் முருங்கை நன்றாகக் காய்க்கிறது. சாம்பாரை இப்போது நாங்களேதான் கிளறிக்கொள்ள வேண்டியிருக்கிறது.